கை ஓங்கினால் சிவப்பு

அறை விழுந்ததும் முதலில் போனது மூக்குக்கண்ணாடி. மேசையில் பட்டு, ரொட்டித் தட்டில் ஏறி, பருப்புக் குழம்பில் இறங்கி நின்றது. கண்ணாடிக்குச் சொந்தக்காரரான குமரப்பன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்த சிரில் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஒரு பெண் வெள்ளைச் சட்டை ஒன்றை உதறிக் காட்டி, சலவைத்தூளின் பெயரைச் சொன்னாள்.

கடையில் யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. டாக்சி ஓட்டும் ரெங்கசாமி எழுந்து வந்தார். சிரிலின் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு, அங்கே எப்போதும் இருக்கும் சிவப்பு அட்டையை உருவினார். கையை முழுக்க உயர்த்தி அதைச் சிரிலின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"வெளிய போ," என்றார். "உன் ரூல்தான்."

அப்போதுதான் கடை மூச்சு விட்டது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

சிரிலுக்கு ரயில்வேயில், சரக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை. வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில். காலையில் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவார். அங்கே வேகன்களைச் சுற்றிவந்து பார்ப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. கதவு சரியாக மூடாத வேகன், தளம் ஓட்டையான வேகன் என்று தெரிந்தால் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவார். மாட்டினால் அந்த வேகன் நகராது. ஏன் மாட்டினாய் என்று யாரும் கேட்டதில்லை. நல்லவேளை மாட்டினாய் என்றும் யாரும் சொன்னதில்லை. மேலதிகாரிகள் வந்தார்கள், போனார்கள், ஒவ்வொரு தடவையும் இன்னும் இளையவர்களாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் மூன்று வருடம் அவரை 'சீசல்' என்றே கூப்பிட்டார். சிரில் திருத்தவில்லை.

வீட்டில் எல்லாம் மனைவி பிலோமினா. பள்ளிக் கட்டணம், கூரை ஒழுகல், அந்தோணியார் திருவிழாவுக்குச் சமைப்பது என்று எதுவும் அவரிடம் கேட்டு நடப்பதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கு விடை தெரிந்திருக்காது.

நாகையா கடையில் மட்டும் கேட்டார்கள்.

எண்பத்தைந்தில் நாகையா தன் சாப்பாட்டுக் கடைக்குக் கலர் டிவி வாங்கினார். அதற்கு நேரெதிரே ஒரு நீள பெஞ்சு. பெஞ்சின் நடுவில் சிரில். திரையில் கால்பந்து ஓடி, விசில் ஊதினால், நடுவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லா முகமும் சிரில் பக்கம் திரும்பும். அந்தத் திரும்பலுக்காகவே அவர் வாரம் முழுக்க வேகன்களைச் சுற்றினார் என்று சொன்னால் அது அதிகமில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆட்டவிதிப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அதைத் திறந்து காட்டும் அவசியம் வந்ததில்லை. அவருடைய சட்டம் ஒரே வரி.

"கை ஓங்கினா சிவப்பு. அவ்வளவுதான்."

ஏன் ஓங்கினான், முன்னால் எவன் துப்பினான், எவன் ஜெர்சியை இழுத்தான், தாயைப் பற்றி என்ன சொன்னான் என்பதெல்லாம் கிடையாது. வேகனின் கதவு ஏன் உடைந்தது என்று வேகனிடம் கேட்பதில்லை அல்லவா? சரக்கு ஷெட்டிலிருந்து ஓர் அட்டை அவர் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது. திரையில் கை உயர்ந்தால், நடுவர் தன் பையைத் தொடுவதற்குள் சிரில் அட்டையைத் தூக்கிவிடுவார். நடுவரும் பின்னாலேயே தூக்கினால் கடை அவரைப் பார்த்துத் தலையாட்டும். தூக்காவிட்டால் நடுவர் காசு வாங்கியவர்.

எதிர்க்கட்சி ரெங்கசாமி. சிரிலும் அவரும் ஒரே கோட்டர்ஸில் பிறந்தவர்கள். "தூண்டிவிட்டவன் நிக்கிறான், துள்ளினவன் வெளிய போறான். இது என்ன நியாயம்?" என்பது ரெங்கசாமியின் கட்சி. வருஷக்கணக்காக அதையே சொன்னார். இருவருக்கும் நடுவில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு மீனாட்சிசுந்தரம் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லி, இரண்டு பக்கமும் பாலிசி விற்றுக்கொண்டிருந்தார்.

குமரப்பன் எந்தக் கட்சியும் இல்லை. செட்டியார் துணிக்கடை ஒன்றில் கணக்குப்பிள்ளை, தானும் செட்டியார். கடை அடைத்ததும் வருவார், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்பார், போவார். டிவி அவர் தலைக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான். விசிலுக்கு அவர் நிமிர்ந்ததில்லை. சிரிலின் விளக்கங்களோ அவருடைய வலது காதில் நேராக விழும்படி அந்த ஓரம் அமைந்திருந்தது. நாலு வருடமாக அந்தக் காதில்தான் விழுந்தன.

அந்தச் சனிக்கிழமை மாநில அணிக்கு முக்கியமான ஆட்டம். இரண்டாம் பாதியில் நம் ஸ்டாப்பர் எதிராளியின் கழுத்தைப் பிடித்தான். சிரில் அட்டையைத் தூக்கினார். நடுவரும் தூக்கினார். கடை கொதித்தது.

"அவன் வாயில என்ன வந்துச்சோ! அம்மாவ இழுத்திருப்பான் லா," என்றார் ரெங்கசாமி.

"அம்மாவ இழுத்தாலும் ஆட்டுக்குட்டிய இழுத்தாலும் கை ஓங்கினா சிவப்பு."

"அப்ப வாயிக்கு கார்டே கிடையாதா?"

"வாய் தனி, கை தனி."

"இருந்திருந்தா உனக்கு எப்பவோ குடுத்திருப்பாங்க."

திரையில் விளம்பரம் வந்தது. அந்த இடைவெளியில், நாலு வருடத்தில் முதல் முறையாக, குமரப்பன் வாய் திறந்தார்.

"சிரில் அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க தம்பி."

"நீங்க எந்த டீமுக்கு ஆடினீங்க?"

அதில் எந்தக் குத்தலும் இல்லை. இவ்வளவு தெரிந்தவர் எங்கோ ஆடியிருப்பார் என்று நினைத்துக் கேட்டார். இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது.

சிரில் பதில் சொல்வதற்குள் ரெங்கசாமி சொன்னார். "இவனா? நாங்க பாடாங்கு திடல்ல ஆடுவோம். இவன் கோல்போஸ்ட்டு பக்கத்துல நின்னு எங்க சட்டையெல்லாம் பாத்துக்குவான். நல்லா பாத்துக்குவான், அத சொல்லணும். ஒரு சட்ட காணாம போனதில்ல."

கடை முழுவதும் சிரித்தது. குமரப்பனும் சிரித்தார். சொன்ன ரெங்கசாமி தடித்த ஆள், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். சிரித்த குமரப்பன் ஒல்லி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

இப்படித்தான் அது நடந்தது.

விசாரணை முடியும்வரை சிரில் கடைக்குள் வரக்கூடாது என்று அன்றே தீர்மானமாயிற்று. வெளியே அஞ்சடியில், தூண்களுக்கு நடுவே உள்ள நடைபாதையில் நிற்கலாம். டீ அங்கே வரும். இதைச் சொன்னது மீனாட்சிசுந்தரம். இரண்டு பக்கமும் யோசித்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிரில் அஞ்சடியில் வந்து நின்றார். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து நின்றார். பெஞ்சின் நடுவில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் ஒரு சீனக் கிழவர் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிழவருக்கு அது எந்த இடம் என்று தெரியவில்லை. சிரில் தூணைப் பிடித்துக்கொண்டு கிழவரின் முதுகையே பார்த்தார்.

உள்ளே வாதம் நடந்தது. யாரும் தன் பழைய இடத்தில் இல்லை.

"கை ஓங்கினா ரெட்," என்றார் ரெங்கசாமி. "அவன் என்ன சொன்னான், இவன் ஏன் சிரிச்சான், அதெல்லாம் எனக்கு வேணாம். கை தனி, வாய் தனி."

"தூண்டிவிட்டத பாக்க வேணாமா ரெங்கா?" என்று வெளியிலிருந்து சிரில் கத்தினார். "தூண்டினவன் நீ!"

"பாரு, தூண்டலப் பத்தி யாரு பேசறான்னு!"

"அப்ப ஆட்டமே நடக்கல. விளம்பரம் ஓடிக்கிட்டிருந்துச்சு. பந்து விளையாட்டுல இல்ல."

மீனாட்சிசுந்தரம் கண்ணை மூடி யோசித்தார். "பந்து நின்னிருந்தாலும் வன்முறை வன்முறைதானே, சிரில்? நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"அது பிளேயருக்கு, சார். நான் பிளேயரா? இந்தக் கடையில நான் யாரு? ரெபரி."

"ரெபரி அடிச்சா யாரு கார்டு காட்டுறது?"

இந்தக் கேள்வி செவ்வாய் முழுவதும் ஓடியது. தேநீர் நிறையப் போயிற்று.

புதன்கிழமை விரித்த கையா, மூடிய கையா என்ற கேள்வி எழுந்தது. விரித்த கை என்றால் அறை, மூடிய கை என்றால் குத்து. விரித்தாலும் முழங்கையிலிருந்து வந்ததா, தோளிலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை இதைப் பார்த்தவர்கள் எல்லாரும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது தெரியவந்தது. ஆகவே திரும்ப நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. குமரப்பனை அதே ஓரத்தில் உட்காரவைத்தார்கள். ஒட்டுப்போட்ட கண்ணாடியைக் கழற்றி நாகையாவிடம் கொடுத்தார்கள்.

"மெதுவாத்தான் லா," என்றார் ரெங்கசாமி. தோளிலிருந்து கையை வீசினார். மெதுவாக வரவில்லை.

"அப்படி இல்ல ரெங்கா," என்று வெளியிலிருந்து சிரில் திருத்தினார். "மணிக்கட்டு மட்டும்."

மணிக்கட்டு மட்டும் ஒரு தடவை. பிறகு முழங்கை. மீனாட்சிசுந்தரம் இடதுகைக்காரர், அவர் செய்து பார்த்தபோது மறு கன்னத்தில் விழுந்தது. அது கணக்கில் வராது என்று சொல்லி அவரையே வலது கையால் மறுபடி செய்யச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்குச் சரியாகத் தெரியாததால் அவர்களில் ஒருவர் முன்னால் வந்து செய்தார்.

குமரப்பன் ஒவ்வொரு முறையும் தலையைச் சரியான கோணத்தில் வைத்துக்கொண்டார். வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சிவப்பா மஞ்சளா என்றும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருவர், நாகையா, அவர் காதோரம் குனிந்து, "ரொட்டி ஆறிப்போச்சு, வேற போடவா?" என்றார்.

இரவு பிலோமினா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிரில் சமையலறை வாசலில் நின்றார்.

"மஞ்சளாவது வரும்," என்றார். "மஞ்சள்னா எச்சரிக்கை. உள்ள உக்காரலாம்."

"அந்த செட்டி வீட்டுக்குப் போயி, தப்புதான் மன்னிச்சுக்கங்கன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"ரூல்ல மன்னிப்புக்கு எடம் இல்ல, பிலோ."

"உங்க ரூல்ல எதுக்குத்தான் எடம் இருக்கு?"

சிரில் மடித்துவைத்த சட்டைகளைப் பார்த்தார்.

"மறு கன்னத்தையும் காட்டுன்னு ஆண்டவர் சொன்னாரு," என்றாள் பிலோமினா. "இன்னைக்கு கடையில அந்த செட்டி காட்டினாராம், நாகையா பொண்டாட்டி சொன்னா. அந்தக் கதையில நீங்க யாருங்க?"

வியாழக்கிழமை நாகையாவுக்குக் கவலை வந்தது. வியாபாரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை மறுபடி ஆட்டம். ஒரே நாளில் இரண்டு தகராறை ஒரு கடை தாங்காது.

"சாமிகிட்ட விட்டுடலாம்," என்றார். "பூக்கட்டிப் பாக்கலாம். என் மவ கல்யாணத்துக்கே அப்படித்தான் பாத்தேன்."

"மாப்பிள்ளை எப்படி?"

"அத விடு. இது சின்ன விஷயம்தானே."

வெவ்வேறு நிறப் பூவைத் தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி முன்னால் வைத்து, மனதில் காரியத்தை நினைத்து ஒரு பொட்டலத்தை எடுப்பார்கள். எந்தப் பூ வருகிறதோ அது சாமியின் வார்த்தை. எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் எந்தச் சாமி என்பதில் சிக்கல் வந்தது. கோட்டர்ஸ் தண்டவாளத்தோரம் முனீஸ்வரர் இருந்தார், பக்கம்தான். அவர் கையில் அரிவாள். வன்முறை வழக்கை அரிவாள் வைத்திருப்பவரிடம் கொண்டுபோவது முறையா என்று மீனாட்சிசுந்தரம் கேட்டார். அம்மன் கையில் சூலம். முருகன் கையில் வேல். அதோடு செட்டியார்கள் வீட்டுத் தெய்வம், குமரப்பன் பக்கம் சாய்வார். கடைசியில் பிள்ளையார் என்று முடிவாயிற்று. கையில் கொழுக்கட்டை இருக்கிறது.

"அவரு முருகனுக்கு அண்ணன் ஆச்சே," என்றார் ரெங்கசாமி.

"அண்ணன் தம்பிக்குள்ள எப்பவும் ஆகாது," என்றார் நாகையா. "அது நமக்கு நல்லது."

சிரில் வேதக்காரர், பிள்ளையார் தீர்ப்பு அவரைக் கட்டுமா? அஞ்சடியைப் பார்த்துக் கேட்டார்கள். சிரில் தூணிலிருந்து கையை எடுத்தார்.

"கட்டும். ரெபரி எந்த மதம்னு எந்த பிளேயரும் கேக்கறதில்ல," என்றார்.

அவர் குரல் பழையபடி இருந்தது. அவருக்கே அது பிடித்திருந்தது.

வழக்கமாகச் சிறு குழந்தைதான் பூ எடுக்கும். இந்தக் காரியத்துக்குக் குழந்தை வேண்டாம் என்றார்கள். கருத்தே இல்லாத ஒரு பெரியவர் வேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தார்கள். எல்லா முகத்திலும் ஒரு கருத்து இருந்தது. கடைசியில் பெஞ்சின் ஓரத்துக்கு வந்தார்கள். ஐந்து நாளில் ஒரு வார்த்தை சொல்லாதவர் ஒருவர்தான்.

"குமரப்பன் எடுக்கட்டும்," என்றார் மீனாட்சிசுந்தரம். "அவருக்கு இதுல சம்பந்தம் இல்ல."

வெள்ளிக்கிழமை மாலை பிள்ளையார் கோயிலில் பூசாரி அர்ச்சனைத் தட்டுகளை நகர்த்தி இடம் பண்ணினார்.

"என்ன காரியம்? கல்யாணமா?"

"ரெட் கார்டு, சாமி."

மீனாட்சிசுந்தரம் விளக்கினார். சிவப்பு வந்தால் மூன்று ஆட்டம் கடைக்குள் வரக்கூடாது. மஞ்சள் வந்தால் எச்சரிக்கை. வெள்ளை வந்தால் குற்றமே இல்லை.

"எப்பவும் ரெண்டு பூதான் கட்டுவோம்," என்றார் பூசாரி. "மூணு வெச்சா சாமிக்குக் குழப்பம்."

"ரெபரிக்கு எப்பவும் மூணு வழி, சாமி."

பூசாரி செவ்வரளி, சாமந்தி, மல்லிகை மூன்றையும் வாழையிலைத் துண்டுகளில் பொதிந்து நாரால் கட்டினார். தட்டில் வைத்துச் சுற்றினார். சிரில் கோயில் கேட்டுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே போன எல்லாருடைய செருப்புகளும் அவர் காலடியில் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டார்.

குமரப்பன் கை கால் கழுவி வந்தார். தட்டுக்கு முன் மண்டியிட்டார். தலை தட்டைத் தொடும் அளவுக்குக் குனிந்து வெகுநேரம் அப்படியே இருந்தார். "பக்தி," என்றார் நாகையா மெதுவாக. ரெங்கசாமி கூடக் கைகூப்பினார். பிறகு குமரப்பன் நிமிர்ந்து, நடுவில் இருந்ததை எடுத்தார். பூசாரி நாரை அவிழ்த்தார்.

மல்லிகை.

கூப்பியிருந்த கைகள் இறங்கின.

"சரியா பாருங்க சாமி," என்றார் ரெங்கசாமி.

"மல்லிகையில சரியா பாக்க என்ன இருக்கு?"

"அப்ப அந்த அறை?"

மீனாட்சிசுந்தரம் தொண்டையைச் செருமினார். "விழல. ரெபரி பாக்கலன்னா நடக்கலன்னு அர்த்தம்."

"அவரு கண்ணாடி ஒடஞ்சுதே?"

"கழண்டு விழுந்திருக்கும்."

எல்லாரும் குமரப்பனின் கன்னத்தைப் பார்த்தார்கள். கன்னம் அங்கேயே இருந்தது. குமரப்பன் விபூதி பூசிக்கொண்டிருந்தார்.

"என்ன கார்டு?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"கார்டே இல்ல!" என்று நாகையா கத்தினார். "வெள்ளப் பூ! நீ அடிக்கவே இல்லையாம்!"

சிரில் முகம் மலர்ந்தது. பெஞ்சு திரும்பக் கிடைத்துவிட்டது. வெளியே வந்தவர்களின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குலுக்கினார். செருப்புப் போட்டுக்கொள்ள ரெங்கசாமிக்குத் தோள் கொடுத்தார். கடையை நோக்கிப் பாதி வழி வரை அவர்தான் முன்னால் நடந்தார். பிறகு நின்றார்.

"ஆனா நான் அடிச்சேனே," என்றார்.

"இல்ல லா," என்றார் ரெங்கசாமி.

"கை ஓங்கினேன் ரெங்கா. நீயே கார்டு காட்டினே."

"சாமி சொன்னப்புறம் என்னய்யா? நீ ஓங்கல. வா, டீ ஆறுது."

ரெங்கசாமி பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துச் சிரிலின் சட்டைப் பையில் செருகினார். தட்டியும் விட்டார். அது அன்பாகச் செய்ததுதான்.

குமரப்பன் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தார். மனைவி நாகம்மை மறுநாளைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குத் தினமும் சரம் கொடுப்பது அவள் வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் அதைச் சுமந்துபோவது குமரப்பன் வழக்கம்.

"என்ன வந்துச்சு?"

"மல்லிகை."

நாகம்மை நாரை இழுத்து முடிச்சிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மல்லிகைய எத்தன இலையில சுத்தினாலும் வாசம் வெளிய வரும். நீங்க தெரியாமலா எடுத்தீங்க?"

குமரப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஏங்க, உங்கள அடிச்சவன். செவப்ப எடுத்துக் குடுத்திருக்கலாமே."

"செவப்பு எடுத்தா மூணு வாரம் வெளிய நிப்பாரு," என்றார் குமரப்பன். "நாலாவது வாரம் உள்ள வந்து அந்த ரூலயே பேசுவாரு."

நாகம்மை சரத்தைக் கீழே வைத்தாள்.

"சாமி முன்னாடி இப்படியா பண்றது?"

"சாமி ஊர்வலம் அந்தக் கடை வழியாத்தான் போகுது. அவரும் கேட்டிருப்பாரு."

மறுநாள் சனிக்கிழமை. சிரில் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனார். தூறல் இருந்தது. துறைமுகத்துக்குப் போகவேண்டிய வேகன்களில் ஒன்றின் கதவு சரியாக மூடவில்லை. ஷெட்டில் அட்டை தீர்ந்திருந்தது. சட்டைப் பையில் இருந்ததை எடுத்து மாட்டினார். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தார். பிலோமினா எழுப்பினாள்.

மாலை நாகையா கடையில் பெஞ்சின் நடு இடம் காலியாக இருந்தது. சிரில் உட்கார்ந்தார். குமரப்பன் வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். "வாங்க தம்பி," என்றார் சிரில். "வரேன் அண்ணே," என்றார் குமரப்பன். முதல் பாதியில் எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் நம் விங்கரின் முகத்தில் முழங்கையால் இடித்தான். நடுவர் மஞ்சள் காட்டினார். வழக்கப்படி எல்லா முகமும் சிரில் பக்கம் திரும்பியது. சிரில் கை சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. "கை ஓங்கினா," என்று தொடங்கினார். எல்லா முகமும் அவரைத் தாண்டி, பெஞ்சின் ஓரத்தில் இருந்த கன்னத்துக்குப் போயிற்று. குமரப்பன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா தெரியல," என்றார் சிரில்.

நாகையா டீ கொண்டுவந்து வைத்தார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.